பித்தளை இல்லை என்று எழுதி வாங்கப் புதுச்சேரிக்கு

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் கொடி இன்னும் இறங்காத காலம் அது. நாங்கள் திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்துக்காரர்கள். பூதப்பாண்டியில் பாத்திரக் கடை வைத்திருந்த எனக்கு ஆரல்வாய்மொழி தாண்டினாலே வெளியூர், திருநெல்வேலி தாண்டினால் வெளிநாடு. அப்படிப்பட்ட நான் மெய்யாகவே ஒரு வெளிநாட்டு எல்லையைக் கடந்து போனேன் என்றால் ஊர் பார்க்கிற ஆசையில் அல்ல. என் தங்கை மாப்பிள்ளை திருடன் இல்லை என்று காட்ட ஒரு காகிதம் வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை பேர் ஞானமுத்து. கீரிப்பாறைக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரையின் ரப்பர் தோட்டத்தில், பங்களாக் குசினியில், இருபது வருஷத்துக்கு மேல் சமையல். துரை இங்கிலீஷ்காரர். துரைசாணி பிரெஞ்சு தேசத்தில் பிறந்தவள். அந்த அம்மாளுக்குப் பிரியமான ரொட்டியைச் சுட ஞானமுத்து ஒருவருக்குத்தான் கைவரும் என்பார்கள். சுதந்திரம் வந்த மறு வருஷம் துரையும் துரைசாணியும் கப்பலேறினார்கள். போகிற அன்று அந்த அம்மாள் தன் அம்மை வீட்டிலிருந்து கொண்டுவந்த கடிகாரத்தை எடுத்து ஞானமுத்து கையில் கொடுத்துவிட்டாள். சாட்சி கிடையாது. குசினிக்குள் நடந்த காரியத்துக்குச் சாட்சிக்கு எங்கே போக?

கடிகாரம் ஒரு முழ உயரம். மேலே ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்து புத்தகம் படிக்கிறாள். அவள் சேலை போல ஏதோ ஒன்றைச் சுற்றியிருக்கிறாள், மடிப்பு மடிப்பாக அது கீழே வழிகிறது. அந்த மடிப்புக்குக் கீழே வெள்ளைப் பீங்கான் முகம், நீல முள். ஓடாது. ஓடி எத்தனையோ வருஷமாயிற்று. "காய்ஞ்ச துணியால தொடச்சா போதும், வேற ஒண்ணும் செய்யப்பிடாதுன்னு சொல்லியிருக்காவ" என்று மாப்பிள்ளை அதைத் தொட்டில் பிள்ளையைப் போல வைத்திருந்தார்.

பிறகு புது மானேஜர் வந்தார். குசினிக்காரன் வீட்டு அலமாரியில் கடிகாரத்தைப் பார்த்தார். பங்களாச் சாமான் பட்டியலைப் புரட்டினார். 'பித்தளைக் கடிகாரம் ஒன்று' என்று அதில் இருந்தது. பங்களாவிலோ பித்தளைக் கடிகாரம் எதுவும் இல்லை. அவ்வளவுதான். வேலை போயிற்று, தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், போலீசுக்கும் மனு போயிற்று. துரைசாணிக்கு இரண்டு கடிதம் போட்டோம். ஒன்று திரும்பி வந்தது. மற்றது என்ன ஆயிற்றென்றே தெரியவில்லை.

நாகர்கோயில் வக்கீல்தான் வழி சொன்னார். "இது பித்தளை இல்லை, பொன் பூசின வெண்கலம், பிரெஞ்சு தேசத்துப் பழைய உருப்படி, அந்த அம்மா சொந்தத்தில் வந்ததுன்னு அந்த வேலை தெரிஞ்ச ஒருத்தர் எழுதிக் கொடுத்தா, பட்டியல்ல உள்ள பித்தளைக் கடிகாரம் வேற, இது வேறன்னு நான் வாதாடலாம்." புதுச்சேரியில் ஒரு கடிகாரக் கடை இருப்பதாகப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் விலாசம் தந்தார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மாப்பிள்ளை கடிகாரத்தை என் வீட்டில் வைத்துவிட்டு வக்கீலைப் பார்க்கப் போனார். நான் அதை வெயிலில் வைத்துப் பார்த்தேன். மங்கலாக, எண்ணெய்ச் சிக்கு ஏறினது போல இருந்தது. அந்நிய சீமைக்குக் கொண்டு போகிற சாமானை இப்படியா கொண்டு போவது என்று தோன்றிற்று. மஞ்சளாக ஒரு பொருளைக் கண்டால் சும்மா இருக்கிற கை இல்லை என் கை. பழம்புளியும் செங்கல் பொடியும் தேங்காய்ச் சகிரி நாரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்பக்கம் தட்டையான இடத்தில் கோழி சீய்த்தது போல மெல்லிய கீறல் கிடந்தது. அதை எடுக்கத்தான் கூடுதல் நேரம் பிடித்தது. கடைசியில் கார்த்திகைக்கு விளக்கி வைத்த குத்துவிளக்கு தோற்றுப்போகும், அப்படி ஒரு பளபளப்பு.

மாப்பிள்ளை வந்து பார்த்தார்.

"எப்பிடி?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு அத்தான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் பயணம். கடிகாரத்தை வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் இறக்கி, மேலே சிவப்புத் துண்டு சுற்றியிருந்தோம். அந்தத் துண்டுதான் வினை. திருநெல்வேலியில் ரயில் ஏறினதும் கயத்தாறுப் பக்கத்து அம்மாள் ஒருத்தி பெட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமியா? இப்படி சன்னல் பக்கமா வையுங்க" என்று தன் இடத்தைவிட்டு எழுந்தே விட்டாள். பக்கத்திலிருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். எங்களுக்கும் அது சௌகரியமாயிருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் பொய் சொல்லி உட்கார மாப்பிள்ளைக்கு முடியாது. இரண்டு ஸ்டேஷன் கழிந்ததும், "சாமி இல்லம்மா, கடிகாரம்" என்றார்.

"மணி என்ன ஆச்சு?"

"அது ஓடாதும்மா."

"ஓடாத கடிகாரத்துக்கா என்னை எழுப்பிவிட்டீங்க? நல்லா இருக்கே நியாயம்! தூக்குங்கய்யா மடியில!"

விருதுநகர் தாண்டும் வரை பெட்டி என் மடியில் இருந்தது. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பெட்டிமேல் வைத்தே தின்றோம். அந்த அம்மாளுக்கும் ஒரு உருண்டை கொடுத்தோம், கோபம் ஆறிற்று. "உங்க ஊர்ப் பேச்சு பாட்டுப் பாடுற மாதிரி இருக்கு, ஆனா புளி கொஞ்சம் கூடுதல்" என்றாள்.

எல்லையில் இந்திய யூனியன் சுங்கச் சாவடி. உள்ளே போகிறவர்களை அவர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. வரிசையில் முன்னால் நின்ற ஜவுளிக்காரர் ஒருவர், "பெட்டியில உள்ளதை இப்பவே காட்டிச் சீட்டு வாங்கிக்கிடுங்க, திரும்பறப்ப உபகாரமா இருக்கும்" என்றார். "நம்ம சொந்தச் சாமானுக்கு எதுக்கு வேய் சீட்டு?" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போனார்.

அன்று இரவு சத்திரத்தில் தங்கல். பச்சரிசிச் சோறு, வெள்ளை வெளேரென்று, விரலில் ஒட்டாமல் ஓடுகிறது. சம்பாச் சோறு தின்று வளர்ந்த வயிற்றுக்கு அது சோறாகவே படவில்லை. மீன் குழம்பில் தேங்காய் இல்லை. மாப்பிள்ளை மட்டும் குறை சொல்லாமல் தின்றார். சமையல்காரன் இன்னொருத்தன் சமையலைக் குறை சொல்லப்பிடாதாம்.

காலையில் ஊரைப் பார்த்தோம். தெருக்கள் நூல் பிடித்தது போல நேர். கடலைப் பார்த்த பக்கம் வெள்ளைக்காரத் தெரு, வாய்க்காலுக்கு இப்பால் நம்மவர்கள். ஆளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிற ஒரு வண்டி, 'புஸ்புஸ்' என்கிறார்கள். அதில் ஏறச் சொல்லி ஒருவன் பின்னாலேயே வந்தான். "வேண்டாம் மக்கா, ஆளை ஆளு தள்ளுத வண்டியில ஏறினா எனக்குச் சோறு எறங்காது" என்றேன். "நீங்க ஏறாட்டி எனக்குச் சோறே கிடையாது சாமி" என்றான். ஏறினோம்.

கடைக்காரர் ஆணாக இருப்பார் என்று நினைத்துப் போனோம். இருந்தது ஒரு அம்மாள். எங்களைப் போலக் கறுப்பு, தமிழச்சி, ஆனால் கவுன். பேர் ஃபிலோமின், அக்கம்பக்கத்தில் 'மதாம்' என்கிறார்கள். புருஷன் சைகோனில் கடிகாரக் கடை வைத்திருந்தாராம். அவருக்குக் கண் மங்கினதும் நுண்ணிய வேலையெல்லாம் இந்த அம்மாள் கைக்கு வந்ததாம். அவர் போன பிறகு இங்கே கடை.

துண்டை விலக்கினேன். என் பளபளப்பைப் பார்த்து மலைப்பாள் என்று நினைத்தேன். மதாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"யார் இதை உயிரோட தோலுரிச்சது?"

நான் சிவப்புத் துண்டை மடிக்க ஆரம்பித்தேன்.

"என்ன போட்டுத் தேய்ச்சீங்க முசியே?"

"புளி. கொஞ்சம் செங்கல் பொடி."

"மீனு ரெண்டு போட்டிருந்தா குழம்பு ஆயிருக்குமே."

மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபம் தணிந்ததும் மதாம் பேச ஆரம்பித்தாள். பேச்சுக் கேட்பது எனக்குப் பிடித்த காரியம், ஆனால் அன்று கேட்ட ஒவ்வொன்றும் நெஞ்சில் போய்த் தைத்தது. முகத்தில் அழகாக எழுதியிருக்கிற பேர் செய்தவன் பேர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். "வித்தவன் பேரா இருக்கும்" என்றாள். "பொம்மைக்கு உரு பிடிச்சவன் ஒருத்தன். வார்த்தவன் ஒருத்தன். அரமும் உளியும் வச்சு முடியையும் விரலையும் எடுத்தவன் ஒருத்தன். முகத்தட்டைச் சூளையில சுட்டவன் வேற. இத்தனை பேர் சேர்ந்து செஞ்சாங்க, பேர் மட்டும் கடைக்காரனுக்கு."

எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றேன். கோயில் விளக்கில் வார்த்தவன் பேர் இராது, 'உபயம்' என்று வாங்கிக் கொடுத்தவன் பேர்தான் இருக்கும். அந்தப் பேரை உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திக் கொடுக்கிறது என் கடையில்தான். கல்யாண வீட்டில் பாத்திரம் மாறிப் போகாமலிருக்க ஊர்ச் செம்பு, உருளி எல்லாவற்றிலும் பேர் குத்தினவன் நான்.

மதாம் சிரித்தாள். பின்பக்கத்தைத் திறந்து, உள்ளேயிருந்து சுருள்வில்லை மெல்ல வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் நுனியில் முடி கனத்துக்கு ஏதோ கீறியிருந்தது. "இது வில்லு அடிச்சவன் பேரு. வாங்கினவன் கண்ணுல படாத எடத்துல கீறி வச்சுட்டுப் போயிருக்கான். திறந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்."

"பொன் பூசினவன் பேரு எங்கன இருக்கும்மா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"அவன் பேரு எங்கயும் இல்ல. பாதரசத்துல பொன்னைக் கரைச்சுப் பூசி நெருப்புல காட்டுவான். பாதரசம் புகையாப் போகும், பொன் நிக்கும். புகை எங்க போகும்? அவன் மூக்குக்குள்ளதான். பல்லு கொட்டும், கை நடுங்கும். நாப்பது வயசு கண்டவன் கொஞ்சம்னு என் புருஷன் சொல்வார். அந்தப் பொன்னுதான் அவன் கையெழுத்து."

தோட்டத்தில் ரப்பர்ப் பால் உறையவைக்கிற கொட்டகையில் வேலை செய்கிறவர்களின் இருமல் எனக்கு ஞாபகம் வந்தது. மாப்பிள்ளைக்கும் வந்திருக்க வேண்டும். "நம்ம ஆசிட் கொட்டகைதான் அத்தான்" என்று முணுமுணுத்தார்.

எதிர்த்த வீட்டில் ரொட்டி அடுப்பு. வாசனை இங்கே வந்தது. மாப்பிள்ளைக்குக் கால் நிற்கவில்லை. "நாலு வருஷமாச்சு இந்த வாசனை கேட்டு. ஒரு நோட்டம் பாத்துட்டு வாறேன்" என்று தெருவைக் கடந்து போனார்.

அவர் போன பிறகுதான் மதாம் கடிகாரத்தைப் பின்பக்கமாகத் திருப்பினாள். தட்டையான இடத்தில் லென்சை வைத்தாள். சாய்த்துப் பார்த்தாள். எழுந்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள்.

"இங்க ஊசியால எழுதியிருக்கு. பிரெஞ்சு. பொன்மேல மட்டும் கீறின எழுத்து. பொன்னு போனா எழுத்தும் போயிடும்." விரல் நகத்தால் காட்டினாள். "'எங்கள் நல்ல'ன்னு இருக்கு. அதுக்கப்புறம் ஒரு பேரு இருந்திருக்கணும். நீளமான பேரு. இவ்வளவு தூரம் போயிருக்கு பாருங்க. எல்லாம் தேய்ஞ்சிருக்கு. பழைய தேய்மானம் இல்ல, ரெண்டு மூணு நாளைக்குள்ள தேய்ச்சது."

கோழி சீய்த்த கீறல்!

ஆயிரம் பாத்திரத்தில் பேர் குத்தினவன் நான். பேர் என்றால் ஆழமாக, புள்ளி புள்ளியாக, கொட்டை கொட்டையாக இருக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த பேர். ஊசி முனையால், யாருக்கும் தெரியாமல், ஒரு குசினிக்காரன் பேரை ஒரு பெண்பிள்ளை பொன்னில் எழுதி வைப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கீறல் போகவில்லையே என்று சகிரியை மாற்றி மாற்றித் தேய்த்தேனே!

மாப்பிள்ளை நீளமான ரொட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மேல்தோடு நம்மளை மாதிரியே வருது அத்தான், உள்ளதான் கொஞ்சம் உப்புக் குறைவு" என்றார். மதாம் அவரிடம் எழுத்தைக் காட்டி வாசித்தாள்.

"எங்கள் நல்ல..."

"பொறவு?" என்றார் மாப்பிள்ளை.

மதாம் என்னைப் பார்த்தாள்.

"அவ்வளவுதான் எழுதியிருக்கு மாப்பிளே" என்றேன்.

அவர் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். விரலால் தடவினார். "அவசரமாப் போனாவ. நேரம் இருந்திருக்காது" என்று சொல்லிவிட்டு ரொட்டியை மூன்றாக ஒடித்தார். ஒரு துண்டு மதாமுக்கு, ஒன்று எனக்கு. நான் அதைத் துண்டில் முடிந்துகொண்டேன்.

காகிதம் எழுதி, கையெழுத்திட்டு, கடை முத்திரையும் குத்தினாள். வெண்கலம், முன்பு பொன் பூசப்பட்டிருந்தது, உடை மடிப்புகளில் பொன் மிச்சமிருக்கிறது, பின்பக்கம் 'எங்கள் நல்ல' என்று பிரெஞ்சில் இருக்கிறது. வாசல்வரை வந்து என்னிடம் மட்டும் சொன்னாள்: "தெரியறதை எழுதியிருக்கேன். தெரியாததைக் காகிதத்துல எழுத மாட்டேன். நீங்க வாயால சொன்னது உங்க பாடு."

மறுநாள் திரும்பும்போது சுங்கச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். புதுச்சேரியிலிருந்து கடிகாரம் கடத்துகிறவர்கள் ஏராளமாம்.

"எங்க வாங்கினது?" என்றார் அதிகாரி.

"வாங்கல்ல சார். எங்க சாமான். கீரிப்பாறையில இருந்து கொண்டுவந்தோம்."

"உள்ள போறப்ப வாங்கின சீட்டு எங்க?"

நான் அந்த ஜவுளிக்காரரை நினைத்துக்கொண்டேன்.

"உங்களுதுன்னு என்னய்யா அத்தாட்சி?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அதைத்தான் சார் எங்க ஊருலயும் கேக்காவ" என்றார்.

வண்டி போய்விட்டது. வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். மதாம் காகிதத்தைக் காட்டினேன், பிரெஞ்சில் இருந்ததால் அதை அதிகாரி தலைகீழாகவும் பார்த்தார். கடைசியில் கடிகாரத்தை ஒரு தட்டுத் தட்டி, "பழைய பித்தளைதானே, ஓடக்கூட இல்ல. போங்க" என்று ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் ஒட்டினார். 'பழைய பித்தளைக் கடிகாரம் ஒன்று.' அதன்மேல் சர்க்கார் முத்திரை. தப்பித்தோம் என்று அவரை நான் கும்பிடவும் செய்தேன்.

நாகர்கோயில் கோர்ட்டில் எங்கள் வக்கீல் மதாம் காகிதத்தை மொழிபெயர்த்து வாசித்தார். எதிர்வக்கீல் எழுந்து கடிகாரத்தைச் சன்னலோரம் தூக்கிப் பிடித்தார். என் பளபளப்பு கோர்ட் சுவரில் மஞ்சளாக விழுந்தது. "பொன்னாம்! குத்துவிளக்குக்கு முள் வைத்தது போலிருக்கிறது" என்றார். பிறகு பெட்டியைத் திருப்பினார். "யூனியன் சர்க்காரே பித்தளை என்று முத்திரை போட்டிருக்கிறது. 'எங்கள் நல்ல' என்று இருக்கிறதாம். நல்ல யார்? புருஷனாகவும் இருக்கலாம், வளர்த்த நாயாகவும் இருக்கலாம்." சிரித்தார்கள். மாப்பிள்ளை தலை குனிந்து நின்றார்.

திருடினதற்குச் சாட்சி இல்லை என்று அவரை விட்டுவிட்டார்கள். கடிகாரம் பங்களாவுக்குப் போயிற்று. வேலையும் வீடும் திரும்பவில்லை. தோட்டத்து ஆட்கள் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. அவர் வரும்போது பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். என் தங்கையையும் கூட்டிக்கொண்டு களியக்காவிளைக்குப் போய் ஒரு சாயாக் கடை போட்டார். புட்டும் பயறும் விற்கிறார். ரொட்டி சுடுவதில்லை.

கடை திறந்து கொஞ்ச நாள் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். கையில் ஒரு புதுச் செம்பு கொண்டு போனேன். கழுத்தைச் சுற்றி 'ஞானமுத்து' என்று என் கையாலேயே வெட்டியிருந்தேன். நான் வெட்டினதிலெல்லாம் ஆழமான எழுத்து அதுதான்.

மாப்பிள்ளை கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார்.

"இதுல பேரை முழுசா வெட்டியிருக்கிய அத்தான்."

நான் சாயாவைக் குடித்தேன்.

"துரைசாணியைக் குத்தம் சொல்லுததுக்கில்ல" என்றார். "நல்லன்னு எழுதிட்டாவ. குசினிக்காரன் பேருன்னு வரும்போ கை நின்னுருக்கும். அவ்வளவுதான்."

அவர் செம்பைத் தண்ணீர்ப் பானைமேல் கவிழ்த்தார். கவிழ்த்த கை அதன்மேலேயே இருந்தது.

"அத்தான், இதைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?"

"தேய்க்கலாம்" என்றேன். "இது பித்தளை."